பூவுக்கு யார் வந்தது என்று கேட்டவர்

வடக்கே தலைநகரில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தரையில் சாக்கு விரித்துப் புடலங்காய் விற்றவன் நான். முனிசிபாலிட்டிக்காரர்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் வேறு சாக்கு விரித்தேன். அந்த இடத்துக்கு நேர் எதிரே இன்று ஷட்டர் போட்ட கடை ஒன்று இருக்கிறது, அது என்னுடையது. குடிசைப் பகுதியில் மூன்று முறை வீடு கட்டினேன், மூன்று முறையும் இடித்தார்கள். நான்காவதாகக் கட்டிய வீட்டுக்கு மாடி இருக்கிறது. நஜஃப்கட் தாண்டி, நம் ஊர்க் காய் இந்த மண்ணில் வராது என்று படித்தவர்கள் சொன்ன இடத்தில், நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பீர்க்கும் புடலையும் வெள்ளரியும் விளைய வைத்தேன். அந்த வட்டாரத்திலேயே முதல் நெட் ஹவுஸ், அதாவது பூச்சி நுழையாதபடி நாலு பக்கமும் கூரையும் வலையால் மூடிய கொட்டகை, நான் கட்டியதுதான். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்காக வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

எங்கள் சங்க மலருக்கு, மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். என்னைப் பற்றியே எழுதலாமா என்று கேட்டேன். வேறொருவராக இருக்க வேண்டும் என்றார்கள். அதனால் அந்த அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. பேர் போடுவதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது. அது பின்னால் வரும்.

அவர் சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். புருஷன் இறந்ததால் கிடைத்த வேலை. பெரிய விவசாய ஆபீஸ் ஒன்றின் லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுவது. கழுவிக்கொண்டே பார்த்துப் பார்த்து, பூவையும் விதையையும் எண்ணிக் கொடுக்கிற வேலைக்கு வந்துவிட்டார். முப்பது வருஷம் எண்ணியிருக்கிறார். என் கடைக்கு முதலில் வந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒல்லியாக, காட்டன் புடவை, தோளில் துணிப்பை. அவ்வளவுதான் தெரிந்தது.

வந்தவர் வெள்ளரிக்காய் ஒன்றை எடுத்தார். நுனி சிறுத்து வளைந்திருந்த காய். விலை கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து, என் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்து நீளவாக்கில் பிளந்தார். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். கத்தி நுனியால் விதைகளை எடுத்து ஐந்து ஐந்தாக வரிசை வைத்தார். எண்ணி முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தப் பூவுக்கு யாரும் வரல."

"யாரும் வரலன்னா? என் தோட்டத்துல எட்டு பேரு வேலை செய்யறாங்கம்மா."

"அவுக வந்து என்ன பண்ண? தேனீ வரல. காம்புப் பக்கம் மட்டும் நாலு விதை இருக்கு. நுனியில ஒண்ணுகூட இல்ல. விதை இருக்கிற எடம்தான் பருக்கும். இல்லாத எடம் சூம்பிரும்."

வெட்டிய காய்க்குக் காசு வைத்துவிட்டு, இரண்டு பாதியையும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் அன்று முழுவதும் கோபமாக இருந்தேன். என் கடையில் என் காயை என் கண் முன்னால் அறுத்தவர் அதுவரை யாருமில்லை.

அதன்பின் வாரா வாரம் வந்தார். வந்தால் வெட்டுவார். பீர்க்கங்காய், பரங்கிக்காய், கொய்யா, எதுவானாலும் சரி. வெட்டாமல் ஒரு பொருளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். விதையில்லாத திராட்சையைத் தொடவே மாட்டார். "இது யாருக்காகவும் காத்துக் கெடக்காத சாதி. இதுகிட்ட எனக்கென்ன பேச்சு?" என்பார்.

என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அவரை அழைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த வரிசைத் தட்டில் ஆப்பிள் இருந்தது. ஒன்று மட்டும் ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. அதை எடுத்து எல்லார் எதிரிலும் குறுக்கே வெட்டினார். உப்பிய பக்கம் விதை இருந்தது, ஒட்டிய பக்கம் பொக்கு. மாப்பிள்ளையின் அம்மா முகம் வெளுத்து, "என்னம்மா, எதாச்சும் சகுனமா?" என்று கேட்டார்.

"இல்ல. ஆப்பிள்" என்றார் இவர்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் சம்பந்தி வீட்டில் இன்றுவரை என் மனைவி ஆப்பிள் சாப்பிடுவதில்லை.

இனி வெள்ளரிக்கு வருகிறேன். நெட் ஹவுஸை நான் எதற்குக் கட்டினேன் என்றால், காய் ஈ. அது பிஞ்சில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும், காய் உள்ளே புழுத்துவிடும். அந்த ஈக்கு வழியே இருக்கக் கூடாது என்று பொடிக் கண் வலை வாங்கி, இரும்புக் குழாய் நட்டு, தைத்த இடத்தை மறுபடி தைத்து, கதவுக்கும் வலை போட்டேன். நிலத்துக்காரர் சௌத்ரியைக் கூட்டிவந்து காட்டினேன். உள்ளே ஊரிலிருந்து வரவழைத்த வெள்ளரி விதை போட்டேன். நெட் ஹவுஸுக்கு என்றே தனி விதை விற்கிறது, பூச்சி வராமலே காய்க்கிற சாதி. அது எதற்கு, நம் ஊர் விதைக்கு ருசி அதிகம் என்று நான்தான் முடிவு செய்தேன்.

கொடி பிரமாதமாக ஏறியது. பூ மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பிஞ்சில் பாதி மஞ்சளாகி உதிர்ந்தது. நின்ற காய் கொக்கி மாதிரி வளைந்தது.

கரோல் பாகில் ஒரு மாமா கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுப்பவர். அந்த சீசனுக்கு அவருக்குக் கோசுமல்லிக்கு வெள்ளரி முழுக்க நான் தருவதாகப் பேச்சு. முதல் லோடு போனதும் போன் செய்தார்.

"ஓய், நீர் அனுப்பினது வெள்ளரிக்காயா, குடைக்காம்பா? என் பையன்கள் தோல் சீவறதுக்குள்ள விரலைச் சீவிண்டுட்டா."

"வெயில் ஜாஸ்தி மாமா. அடுத்த லோடு நேரா வரும்."

"நேரா வந்தா வாங்கறேன், கோணலா வந்தா நேரா திரும்பி வரும். மத்யானம் வெச்ச காய் சாயந்திரம் தொவண்டு போறது. பந்தியில எனக்கு மானம் போறது."

இரண்டாவது லோடு திரும்பி வந்தது. உரம் மாற்றினேன். தண்ணீர் மாற்றினேன். கண் திருஷ்டி என்று வாசலில் பூசணிக்காய் கட்டினேன், அதுவும் கடையில் வாங்கியது. இதற்கிடையில் சௌத்ரி வந்து வலைக்கு வெளியே நின்று பார்த்தார்.

"சுனோ பாயி, கேள். கல்யாண விருந்துக்கு பேங்க்வெட் ஹால் கட்ட ஒருத்தன் நிலம் கேட்கிறான். ஜூனில் உன் குத்தகை முடிகிறது. இந்தப் பயிர் இப்படியே போனால் அவனுக்குக் கொடுத்துவிடுவேன். அப்புறம் பேசாதே."

நான் மண்ணைத் திருத்த ஆறு வருஷம் ஆனது. எட்டுக் குடும்பம் அங்கேயே குடிசை போட்டு இருந்தது. நிலம் போனால் அவர்களும் போக வேண்டும், என் கடை மற்ற கடைகளைப் போல ஆஸாத்பூர் மண்டியில் வாங்கி விற்கிற கடையாகிவிடும். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி சும்மா இருக்கவில்லை.

"ஈ எறும்பு நுழையாம கட்டினேன்னு ஊரெல்லாம் சொன்னியே, அந்தம்மா வாரா வாரம் வந்து யாரும் வரல யாரும் வரலன்னு சொல்லுது. ரெண்டும் ஒண்ணுதானே. காதுல விழலியா உனக்கு?"

எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் நானாகப் போய்க் கேட்கவில்லை. என் மனைவிதான் சரோஜினி நகருக்குப் போனாள். போய்வந்து சொன்னாள்: வீட்டில் ஜன்னல் விளிம்பு முழுக்கத் தீப்பெட்டி, ஒவ்வொன்றிலும் விதை. பால்கனியில் ஒரு பரங்கிக் கொடி. அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு, காபி ஆறிப்போவது தெரியாமல் பூவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். உங்க வீட்டுக்கு யாரும் வர்றதில்லையா என்று இவள் கேட்டிருக்கிறாள். "பூ பூத்தா வருவாவ" என்றாராம் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்தார். நான் நெட் ஹவுஸ் கதவைத் திறந்து பெருமையாகக் காட்டினேன்.

"இதுக்குள்ள யாரு வருவா அண்ணாச்சி?"

"ஒரு கொசுகூட வர முடியாதும்மா."

"அதான் யாரும் வரல."

அதோடு பேச்சு முடிந்தது. கத்தியை எடுத்தார். கதவோரம் ஒரு காய் அறுத்தார், எண்ணினார், நோட்டில் எழுதினார். பத்து எட்டு உள்ளே நடந்து இன்னொரு காய். மறுபடி பத்து எட்டு. அந்த வெயிலில், வலைக்குள்ளே, கடைசி மூலை வரைக்கும் போனார். திரும்பி வந்து எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்தார். கதவோரக் காய் நேராக, உள்ளே விதை நிறைந்திருந்தது. உள்ளே போகப் போகக் காய் வளைந்துகொண்டே போனது, விதை குறைந்துகொண்டே போனது. கடைசி மூலைக் காய் நல்ல கொக்கி. அதில் விதையே இல்லை.

கதவோரக் காய் மட்டும் நன்றாக இருப்பதை நானும் பார்த்திருந்தேன். அங்கே தண்ணீர்க் குழாய் இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்திருந்தேன்.

"உங்க ஆளுக கதவத் தொறந்து போட்டுட்டுப் போறப்பல்லாம் நாலு தேனீ உள்ள வந்திருக்கு. கதவு பக்கத்துல இருந்த பூவப் பாத்துட்டு வெளிய போயிருக்கு. நீங்க வெளைய வச்ச காய்னு இதுல எதுவும் இல்ல அண்ணாச்சி. தொறந்து கெடந்த கதவு வெளைய வச்சது."

எட்டுப் பேர் எதிரில் சொன்னார். நல்லவேளை, அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

வலையைச் சுருட்டச் சொன்னார். முடியாது என்றேன். நான் தைத்த வலை அது. வேண்டுமானால் நானே பூவுக்குப் பூ தடவுகிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. ஆண் பூவைப் பறித்து இதழைக் கழற்றி, பிஞ்சோடு நிற்கிற பெண் பூவின் நடுவில் தேய்க்க வேண்டும். தினமும் காலை ஆறு மணியிலிருந்து ஒரு வரிசை முழுக்க நானே செய்தேன், இந்த இடுப்போடு. என் வரிசைப் பூக்களுக்குச் சிவப்பு நூல் கட்டினார். வெளியே வரப்போரம் திறந்த வெளியில் தானாக முளைத்த நாலு வெள்ளரிக் கொடி இருந்தது. அதன் பூக்களுக்கு வெள்ளை நூல். ஸ்டூலில் உட்கார்ந்து, எந்தப் பூவுக்குத் தேனீ எத்தனை தடவை வருகிறது என்று குறித்துக்கொண்டார். பதினோரு மணிக்குப் பூ வாடத் தொடங்கியதும் நோட்டை மூடினார். வார நாளில் லீவு போட்டுவிட்டு வந்தார்.

காய் பறித்த அன்று என் கடைப் பலகையில் மூன்றையும் வைத்தார். வலைக்குள் சும்மா விட்டது, நான் தடவியது, வெளியே தேனீ வந்தது. என்னுடையது பரவாயில்லை. நேர்தான். ஆனால் தேனீக் காய் எடையில் அதிகம், உருண்டை ஒரே சீர். மூன்றையும் எடுக்காமல் அப்படியே விட்டுவைக்கச் சொன்னார். இரண்டாம் நாள் வலைக்காய் துவண்டது, நான்காம் நாள் என் காய் துவண்டது. தேனீக் காயை ஐந்தாம் நாள் வெட்டி என் மனைவி தின்றாள். எனக்குத் தரவில்லை.

"நீங்க ஒரு தடவ தடவுதிய. அது பத்து தடவ வருது. சும்மா வரல, பூவுக்குள்ள சுத்திச் சுத்தி வருது. உங்க வெரலுக்கு அந்தப் பொறும கெடையாது அண்ணாச்சி" என்றார்.

வலையை நானே சுருட்டினேன். ஆளை விட்டுச் சுருட்டவில்லை, நானே. கடுகு வயல்களில் பூ சீசன் முடிந்து ஊர் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்த ஷம்பு என்ற தேனீக்காரரை அந்த அம்மா பேசி அழைத்துவந்தார். அவர் தன் தேன் பெட்டிகளை எங்கள் வரப்பில் வரிசையாக வைத்தார். ஒரே ஒரு நிபந்தனை, மருந்து அடித்தால் பூ மூடிய பிறகு, வெயில் தாழ்ந்து தேனீ எல்லாம் கூடு திரும்பிய பிறகுதான் அடிக்க வேண்டும். அந்த அம்மா இதை என்னிடம் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தலையாட்டினேன்.

வலை போனதும் காய் ஈ வந்தது. நான் சொன்னேன் இல்லையா. மருந்து அடிக்க வேண்டிய நிலை. மருந்து என்றால் காலையில், வெறும் வயிற்றில். மனிதனுக்கு அப்படித்தான், செடிக்கும் அப்படித்தான் என்று என் எண்ணம். தவிர, ஸ்ப்ரேயர் சௌத்ரியுடையது, மத்தியானத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ராம்சரண் என்ற எங்கள் ஆளிடம் காலை எட்டு மணிக்கு அடிக்கச் சொன்னேன். "பாபுஜி, மாஜி ஷாம் கோ போலீ தீ" என்றார். அம்மா சாயங்காலம் என்று சொன்னாரே என்று. தோட்டம் யாருடையது என்று கேட்டேன். அவர் அடித்தார்.

மறுநாள் ஞாயிறு. அந்த அம்மா வந்தபோது பெட்டிகளுக்கு முன்னால் தேனீ கும்பலாகக் கிடந்தது. சில இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. ஷம்பு தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா பையைத் தோளிலிருந்து இறக்கினார். கைக்குட்டையை விரித்து, ஒரு ஈர்க்கால் இறந்த தேனீக்களை ஐந்து ஐந்தாக வரிசை வைத்து எண்ணத் தொடங்கினார். வெகு நேரம் எண்ணினார். நடுவில் ஷம்பு, "ரஹ்னே தோ மாஜி, விடுங்கள், எண்ணி என்ன ஆகப்போகிறது" என்று இந்தியில் சொன்னார். அவர் நிமிரவில்லை. எண்ணி முடித்துக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எத்தன மணிக்கு மருந்து அடிச்சிய?"

"சாயங்காலம்" என்றேன்.

கொடியில் முந்தின நாள் மூடிப்போன பூ ஒன்றைக் கிள்ளி இதழைப் பிரித்தார். உள்ளே மருந்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மூடிய பூவுக்குள் மருந்து போகாது. அதை என்னிடம் காட்டினார்.

"ராம்சரண் தெரியாம காலையில அடிச்சிட்டான்ம்மா" என்றேன்.

ராம்சரண் மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி அங்கேதான் நின்றார். தன் பெயர் காதில் விழுந்ததும் என்னைப் பார்த்தார். அந்த அம்மா அவரிடம் போய்த் தன் இந்தியில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"கித்னே பஜே?"

"ஆட் பஜே, மாஜி." எட்டு மணி.

"கிஸ்னே போலா?"

யார் சொன்னது என்ற கேள்விக்கு ராம்சரண் தரையைப் பார்த்தார். அவர் குடிசை என் நிலத்தில் இருந்தது. அந்த அம்மா இரண்டு முறை கேட்கவில்லை. நோட்டை எடுத்து எழுதினார், மூடினார், பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஷம்பு ராம்சரணை வாய்க்கு வந்தபடி ஏசினார். ராம்சரண் வாங்கிக்கொண்டார். நான் தள்ளி நின்று சுருட்டிய வலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கூடவே ஷம்பு, வேறு பெட்டிகளோடு. இந்த அம்மா கேட்டதால் கொண்டுவந்தேன், உனக்காக இல்லை என்று என்னிடம் சொன்னார். பழைய பெட்டிகளுக்கு நான் ஈடு கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் மருந்து எல்லாம் சாயங்காலம்தான், சௌத்ரியிடம் ஸ்ப்ரேயரைக் கேட்காமல் சொந்தமாக வாங்கினேன். தேனீ இல்லாமல் போன அந்த வாரத்துப் பூக்கள் விட்ட பிஞ்சுகளுக்கு அவர் வந்த அன்றே கறுப்பு நூல் கட்டினார். காய் வந்தபோது கறுப்பு நூல் காய்கள் கொக்கியாக இருந்தன. முன்னாலும் பின்னாலும் வந்தவை நேர். ஒரே கொடி, ஒரே தண்ணீர், ஒரே உரம். வித்தியாசம் அந்த ஒரு வாரம்.

மே மாதம் கரோல் பாக் மாமா போன் செய்தார். "ஓய், இது யார் தோட்டத்துக் காய்?" என்றார். என்னுடையது என்றேன். "நம்ப முடியலை, ஆனா அனுப்பும்" என்றார்.

ஜூனில் சௌத்ரி வந்தார். நான் பேச வாயெடுக்கும் முன் அந்த அம்மா ஒரு காயைப் பறித்துப் பிளந்து, விதை தெரிகிற பாதியை அவர் கையில் கொடுத்தார். இன்னொரு பாதியைக் கொடியிலேயே விட்டுவைத்திருந்த கறுப்பு நூல் கொக்கிக் காயோடு சேர்த்துக் காட்டினார். சௌத்ரி தின்றார். உப்பு கேட்டார். மறுபாதியையும் வாங்கித் தின்றார். "டீக் ஹை, சரி. பேங்க்வெட் ஹால்காரனுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன்" என்றார். பல வருஷமாகிவிட்டது, இன்றும் அந்த நிலம் என் குத்தகையில்தான் இருக்கிறது. எட்டுக் குடும்பமும் இருக்கிறது. ராம்சரண்தான் இப்போது அங்கே எல்லாம்.

ஒருநாள் நான் அந்த அம்மாவிடம் கேட்டேன். ஆபீஸில் இவ்வளவு எண்ணிக் கொடுக்கிறீர்களே, அவர்கள் அச்சடிக்கிற புத்தகத்தில் உங்கள் பேர் வருமா என்று. வராது என்றார். கோபம் வராதா என்றேன்.

"பேர் போட்டா எண்ணிக்கை கூடுமா அண்ணாச்சி?"

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பேர் போடாத கடையில் யார் காய் வாங்குவார்கள்?

அவர் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பியபோது நானும் என் மனைவியும் ஸ்டேஷனுக்குப் போனோம். வழியில் சாப்பிட வெள்ளரிக்காய் கொடுத்தேன். பிளாட்பாரத்திலேயே வெட்டிப் பார்த்தார். தலையை ஒரு முறை ஆட்டினார். முப்பது வருஷத்தில் அவர் கொடுத்த ஒரே சர்டிபிகேட் அதுவாகத்தான் இருக்கும், அதுவும் எனக்கு. பிறகு பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். "உங்க தோட்டத்துக் கணக்கு. எனக்கெதுக்கு, நீங்க வச்சிக்கிடுங்க." அதற்குப் பிறகு இரண்டு முறை போனில் பேசினோம். பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

நோட்டை நான் படிக்கவில்லை. பீரோவில் வைத்திருந்தேன். போன வருஷம் ஓர் ஆபீஸிலிருந்து வந்து, தேனீயால் காயின் தரம் எப்படி உயர்கிறது என்று விளக்க எங்கள் தோட்டத்தை மாதிரியாக வைக்கப்போகிறோம் என்றார்கள். கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது என்றேன், கேட்டார்கள், கொடுத்தேன், நடந்ததையும் சொன்னேன், அன்று அந்த அம்மாவிடம் சொன்ன மாதிரியே சொன்னேன். வாசலில் போர்டு வைத்தார்கள், இந்தியில் துண்டுத்தாள் அச்சடித்தார்கள். போர்டில் சௌத்ரி பெயர் இருக்கிறது, ஓர் அதிகாரி பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. அந்த அம்மா பெயரும் இல்லை. நான் கொதித்துப் போய் நின்றபோது சௌத்ரி துண்டுத்தாளைச் சத்தமாக வாசித்தார். கறுப்பு நூல் காய்கள் பற்றிய இடத்தில், ஒரு கூலியாளின் கவனக்குறைவால் தேனீக்கள் இறந்தன என்று இருந்தது.

"அரே ராம்சரண்" என்று சிரித்தார் சௌத்ரி. "உன் பேர் போடவில்லை, ஆனால் இது நீதான்."

ராம்சரண் "ஜி" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனார். போர்டில் பேர் இல்லாததற்கு நான் பேசிக்கொண்டிருந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, அவர்கள் திருப்பிக் கொடுத்திருந்த நோட்டை முதல் முறையாகத் திறந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். இறந்த தேனீ எண்ணிக்கை. அதன் கீழே: மருந்து, காலை எட்டு மணி. அதன் கீழே: அடிக்கச் சொன்னவர். பக்கத்தில் ஒரு கோடு போட்டு, காலியாக விட்டிருந்தார். நான் சொன்னதை அவர் எழுதவில்லை. சரிபார்க்காததை எழுதுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பேர் வரும் வரை இடம் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். கூலியாள் என்று நிரப்பியது ஆபீஸ்காரர்கள், நான் சொன்னதைக் கேட்டு.

ஆகவே மலர்க் குழுவினருக்கும், துண்டுத்தாள் அச்சடித்தவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தோட்டத்தில் என் பங்கை நீங்கள் விட்டுவிட்டீர்கள். அதைப் போட வேண்டும். மண்ணைத் திருத்தியது நான். வலை கட்டியது நான். ஊர் விதையைப் போட்டது நான். வலையைச் சுருட்டியது நான். காலை எட்டு மணிக்கு மருந்து அடிக்கச் சொன்னது நான். ராம்சரண் சாயங்காலம் என்றுதான் சொன்னார். கறுப்பு நூல் காய் இல்லாமல் உங்களுக்கு ஒப்பிட்டுக் காட்ட ஒன்றுமில்லை, அதுவும் என் கைங்கரியம். பேர் போட்டால் எண்ணிக்கை கூடாது என்று அந்த அம்மா சொன்னது சரி. கூட வேண்டாம், சரியாக இருக்கட்டும். கூலியாள் என்று போட்ட இடத்தில் என் முழுப் பெயரையும், கடைப் பெயரோடு, இந்தியில் அச்சடிக்க வேண்டும். ராம்சரணுக்குத் தமிழ் படிக்க வராது.